அண்ணன் செருகிய குழை

எங்கள் ஊர் முடிகிற இடத்தில் ஒரு பாலை மரம் நிற்கிறது. அடியில் ஒரு கல். அதுதான் பிள்ளையார். அதற்கு அங்கால் காடு.

காட்டுக்குள் போகிறவர்கள் பக்கத்துப் பற்றையில் இலையோடு ஒரு சிறு கொப்பு, குழை என்போம், முறித்து அந்தப் பாலையில் செருகிவிட்டுத்தான் போவார்கள். தேனுக்குப் போனாலும் அப்படி, மாடு தேடிப் போனாலும் அப்படி. திரும்பி வரும்போது அவரவர் குழையை அவரவரே எடுத்து எறிய வேண்டும். மற்றவரின் குழையில் கைவைக்கக் கூடாது. குழை மரத்தில் இருந்தால் ஆள் உள்ளே. பொழுதுபட்ட பிறகும் ஒரு குழை மிஞ்சி நின்றால் ஊர் கூடித் தேடிப் போகும். உள்ளே நிற்கும்வரை யானை என்ற சொல் வாயில் வரக் கூடாது. பெரியாள் என்றுதான் சொல்வோம்.

என் அண்ணன் செருகிய குழை எடுபடாமலே நின்றது. அவருடைய மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது செருகியது. அவளுக்குக் கலியாணம் பேசும் காலத்திலும் அது அங்கேதான்.

வீரைக் குழை. பாலையின் பட்டையில் ஒரு வெடிப்பு இருந்தது. அதற்குள் ஆழமாகச் செருகியிருந்தார். இலை அந்தக் கிழமையே கருகிவிட்டது. தடி நின்றது. வீரை இலேசில் உக்காது. பிறகு மரம் வளர்ந்து வெடிப்பை மூடி, தடியின் அடியைக் கவ்விக்கொண்டது. பார்க்கிறவருக்கு அது பாலையில் இருந்தே முளைத்த பட்ட கொப்பு மாதிரித் தெரியும்.

காட்டுக்கு நடுவில் மலை இருக்கிறது. கருங்கல் மலை, ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்த மாதிரி நாலைந்து. வன்னியில் மலையா என்று கேட்பார்கள். என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்தோடு எங்களைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தவர். முதல் தரம் அதைப் பார்த்துவிட்டு, "இது மலை இல்லடா, மலை போட்ட குட்டி" என்றாராம். குட்டி என்றாலும் அதன் மடியில் தண்ணீர் உண்டு. பாறைக் கிடங்கில் ஆவணி வரைக்கும் வற்றாது. அதனால் பெரியாட்கள் எல்லாரும் அங்கே வருவார்கள்.

சண்டைக் காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்தோம். மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டுப் போனோம். கட்டியபடி விட்டால் கட்டையிலேயே சாகும். முகாமில் இருந்து திரும்பி வந்தபோது வீடும் இல்லை, மாடும் இல்லை. காட்டு விளிம்பில் ஒரு புதுப் பலகை நின்றது. மூன்று மொழியில் எழுதியிருந்தது. யானைகள் சரணாலயம், அனுமதியின்றி உள்ளே போகத் தடை.

"எங்களுக்குக் கூரைத் தகரம் வர முந்தி அவைக்குப் பலகை வந்திட்டுது" என்றார் அண்ணன். "அவைக்குத் தெரிஞ்ச ஆக்கள் கொழும்பிலை இருக்கினம் போலை."

சிரித்தோம். அந்த நாட்களில் சிரித்தது அதுதான் என் நினைவில் நிற்கிறது.

நிவாரணத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கத்தி கொடுத்தார்கள். அண்ணனுடைய கத்தியின் பிடி முதல் கிழமையே பிளந்துவிட்டது. எரிந்து கிடந்த தண்ணீர் மோட்டர் ஒன்றிலிருந்து செப்புக் கம்பி எடுத்து வந்தார். கிணற்றுக்கட்டில் இருந்து பிடியைச் சுற்றினார். கம்பியின் ஒரு நுனியை என்னைப் பிடிக்கச் சொன்னார். "இறுக்கிப் பிடியடா, ஆட்டுக்குட்டியையே பிடிக்கிறாய்" என்றார். நெருக்கமாகச் சுற்றி, கடைசிச் சுற்றை உள்ளே மடித்துக் கல்லால் தட்டினார்.

மாடு மலைப்பக்கம் நிற்கிறது, மணிச் சத்தம் கேட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் போனார். நான் அன்று தர்மபுரத்தில் மேசன் வேலையில் நின்றேன். பின்னேரம் வந்தேன். அண்ணி பாலை மரத்தடியில் நின்றாள். குழை நின்றது.

தேடினோம். ஆட்கள் வந்தார்கள், ஆமியும் வந்தது. மலைக்குப் போகிற பக்கம் மிதிவெடி என்று சிவப்புப் பலகை போட்டிருந்தார்கள். அதற்கு அங்கால் யாரையும் விடவில்லை. அடுத்த நாள் மாரி இறங்கியது. அடி, தடம் எல்லாம் கரைந்துபோயிற்று. மாடுகள் இரண்டு தாமாக வந்தன. அவர் வரவில்லை.

காணாமல் போனவர்களுக்காகத் தெருவோரம் கொட்டில் போட்டுப் படங்களோடு இருக்கிறார்கள். அண்ணியையும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

"அவர் மாடு பாக்கப் போனவர்" என்றாள். "ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? மாட்டிட்டையோ?"

பொட்டு வைத்தாள். தாலி கழுத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பாலையடிக்குப் போய்க் கல்லுக்கு விளக்கு வைத்துவிட்டு, தடியைப் பார்த்துவிட்டு வருவாள். தொடமாட்டாள்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் மலைப்பக்கமிருந்து சத்தம் வரும். மாடு சாய்க்கிற கூப்பாடு. "ஹோ... ஓ..." என்று நீட்டி, கடைசியில் மேலே ஏற்றி விடுவது. அண்ணன் அப்படித்தான் கூப்பிடுவார். கேட்டதாக ஊரில் பலர் சொன்னார்கள். நானும் கேட்டேன். காற்று பாறைக்குள் நுழைகிற சத்தமாக இருக்கலாம். இல்லை என்று நான் யாரோடும் வாதாடவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை.

கூட்டம் சேராத பெரியாள், தனியன் ஒன்று, வருடா வருடம் அண்ணியின் வேலிக்கு அப்பால் வந்து நிற்கும். பக்கத்து வளவில் தென்னம்பிள்ளையைத் தின்னும். அவளுடைய வளவுக்குள் இறங்காது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் சொன்னாள்:

"அக்கா, அது உங்கடை மனிசன்தான். பெண்டில் பிள்ளையைப் பாக்க வருகுது."

அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

"அவர் எண்டால் வேலிக்கு வெளியிலை நிக்கமாட்டார். நேரை குசினிக்கு வந்து சட்டியைத் திறந்து பாப்பார்."

அண்ணனின் மகள், என் பெறாமகள், வளர்ந்து ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனாள். அங்கே ஒரு பெடியனோடு பழக்கம். அவன் ஊர் வட்டக்கச்சி. நல்ல பெடியன். அவனுக்குத் தகப்பன் இல்லை, தாய்மாமன்தான் எல்லாம். மாமன் கதைக்க வந்தார். பழைய யாழ்ப்பாணத்து ஆட்கள், குடியேற்றத் திட்டத்தில் வயல் வாங்கி வந்தவர்கள். தோட்டத்தில் இருந்து வந்த எங்களைப் பற்றி அவருக்கு என்ன நினைப்போ, தேத்தண்ணியை மட்டும் முழுதாகக் குடித்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

"ஒண்டு கேக்கவேணும், அக்கா. குறை நினையாதேங்கோ" என்றார். "தகப்பன் இருக்கிறாரோ, இல்லையோ? கலியாணக் கார்ட்டிலை என்னெண்டு அடிக்கிறது? திருவோ, அமரரோ?"

"திரு" என்றாள் அண்ணி. "இருக்கிறார். குழை எடுபடேல்லை."

"குழையைக் காட்டிச் சபைக்கு மறுமொழி சொல்லேலாது, அக்கா."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நான் பொல்லாதவன் இல்லை. ஆள் இல்லையெண்டு முடிவெண்டால் கிரியை செய்யவேணும். செய்தால் துடக்கு. குமர்ப்பிள்ளை, தகப்பன் செத்த வருஷம் கலியாணம் வைக்கேலாது. பெடியனுக்குக் கட்டார் நாட்டிலை வேலை சரிவந்திட்டுது, புரட்டாதியிலை போறான். போனால் எப்ப வருவானோ. தாய் மனிசியும் வேறை இடம் பாப்பம் எண்டு நிக்கிறா. ஆவணியை விட்டால் இந்தக் கலியாணம் இல்லை."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"ஒருக்கால் போய்ப் பாருங்கோவன். இப்ப வெடி எல்லாம் கிண்டி எடுத்தாச்சுத்தானே. பாத்தம், காணேல்லை எண்டால் அது ஒரு மறுமொழி. வன்னியிலை எத்தினை கலியாணம் அப்பிடி நடக்குது. தேடவே இல்லை எண்டால்தான் சனம் கதைக்கும்."

அது நியாயம். ஒன்றும் இராது என்று எல்லாரும் நினைத்தோம். இத்தனை மாரி போய்விட்டது. போய், சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காணவில்லை என்று சொல்வது. அவ்வளவுதான் என் வேலை.

எங்கள் முறையில் இன்னொன்று உண்டு. துடக்கு என்கிற சாவுத் தீட்டு செத்த நாளில் இருந்து இல்லை, செத்தார் என்ற சொல் காதில் விழுந்த நாளில் இருந்து. அதுவரைக்கும் ஆள் இருக்கிற கணக்கு.

சரணாலயத்தைப் பார்க்கும் வனஜீவராசிக் கந்தோரில் அனுமதி கேட்டேன். அங்கிருந்த அதிகாரி இளம் ஆள். அனுராதபுரப் பக்கத்துச் சிங்களவர். தமிழை வவுனியாவில் பழகியிருந்தார். நான் விசயத்தைச் சொன்னேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

"நானும் வாறேன்" என்றார். "தனியா விட ஏலாது. ஒண்டு ஐயா, உள்ள இருந்து ஒரு தடிகூட வெளிய எடுக்க ஏலாது. சட்டம்."

"தடி எடுத்து நான் என்ன செய்ய?"

"இல்ல, சொல்லணும். சொல்லாம விட்டா தேக்கோட வருவாங்க."

காலையில் போனோம். சருகு மாதிரிக் காய்ந்திருந்தது காடு. பாலையடியில் நான் ஒரு குழை முறித்துச் செருகினேன். அவரைப் பார்த்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, தானும் ஒன்று முறித்து என் குழைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எங்க ஊர்லயும் இருக்கு. ஐயனார் சாமிக்கு" என்றார். "எங்க அப்பா இப்பிடித்தான் கட்டுவார்."

பிறகு அண்ணனின் தடியைக் கண்டார். "இது?"

"அதுதான்."

கை நீட்டினார். பிறகு தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

நடந்தோம். பழைய வண்டில் பாதை ஒன்று இருந்த இடத்தில் இப்போது நெருங்கிய பற்றை. வழியில் எங்கள் ஆட்கள் கைவிட்ட குடிமனை ஒன்று. கிணறு மட்டும் தெரிந்தது. ஒரு தேசி மரம், எலுமிச்சைதான், காய்த்துக் கொட்டி நின்றது. யாரும் இல்லாத இடத்தில் தேசிக்காய் மணக்கிறது நல்ல மணம் இல்லை. அவர் ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தார். சட்டம்.

சிவப்புப் பலகைகள் நின்ற இடத்தைக் கடந்தோம். பலகை இல்லை. கட்டைகள் சில கிடந்தன. அண்ணனைத் தேடி வந்தபோது அந்தக் கட்டைகளுக்கு இங்கால்தான் நின்று கூப்பிட்டோம்.

மலை அடியில் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தண்ணீர்க் கிடங்கில் பெரியாட்கள் நின்றார்கள். பெண்ணும் குட்டிகளும். காற்று எங்கள் பக்கம் வீசியது, நல்லகாலம். ஒரு பாறைக்குப் பின்னால் இருந்தோம். அவர் யானைவெடியைக் கையில் எடுத்தார். கொளுத்தவில்லை. குட்டி ஒன்று தண்ணீருக்குள் விழுந்து எழும்பி விளையாடியது. கிழவி ஒன்று மட்டும் தண்ணீரில் இறங்காமல், பாறைச் சரிவுக்குக் கீழே ஒரு இடத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அது என்ன செய்கிறது என்று தெரியவில்லை. தும்பிக்கை மட்டும் ஆடியது.

வெயில் ஏறியதும் அவர்கள் மெல்ல மற்றப் பக்கம் இறங்கிப் போனார்கள். கிழவி கடைசியாகப் போனது.

அந்த இடத்துக்குப் போனோம். மேலே பாறை குடை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மழை விழாத இடம். அங்கே தடிகள் குவிந்து கிடந்தன.

முழங்கால் உயரம். ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுத்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம். அடியில் உக்கி மண்ணாகிப் போனவை. அதற்கு மேல் சாம்பல் நிறமாகக் காய்ந்தவை. அதற்கு மேல் சருகு பிடித்த கொப்புகள். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பச்சைக் குழை. முறிந்த இடத்தில் பால் காயவில்லை.

நான் கிட்டப் போனேன்.

"நில்லுங்க ஐயா" என்றார். குரல் மாறியிருந்தது. "இது அவங்க செய்யுறது. ஆள் செத்தா மூடுவாங்க. அவங்க ஆளையும் மூடுவாங்க, மனுசனையும் மூடுவாங்க. எங்க ஊர்ல நான் ஒருக்கா கண்டிருக்கேன்."

"இவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் வந்து போடுவினமோ?"

"அது எனக்குத் தெரியாது."

பிறகு, "கேள்விப்படவும் இல்ல" என்றார்.

அங்கே சத்தம் ஒன்றும் இல்லை. குருவிச் சத்தம்கூட இல்லை. தண்ணீரில் குட்டி கலக்கின சேறு அடங்கிக்கொண்டிருந்தது.

குவியலின் தலைமாட்டில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், பாறை வெடிப்புக்குள் ஒரு கத்தி கிடந்தது. அலகு துருவாய் உதிர்ந்திருந்தது. பிடியில் செப்புக் கம்பி. பச்சை பூத்திருந்தது. நெருக்கமான சுற்று. கடைசிச் சுற்று உள்ளே மடிந்து, கல்லால் தட்டின தட்டை.

நான் குந்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் தள்ளிப் போய் நின்றார்.

பெரியாள் அடித்ததோ, பாம்பு தீண்டியதோ, பாறையில் சறுக்கியதோ தெரியாது. அது தெரிய அந்தத் தடிகளைக் கிளற வேண்டும். நான் கிளறவில்லை. மூடினவர்கள் மூடினது, அப்படியே கிடக்கட்டும்.

அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஐயா, நான் எழுதினா பொலிஸ் வரும். கோட்டுக்குப் போகும். கிண்டிப் பொட்டியில போட்டு எடுத்திட்டுப் போவாங்க. எந்தக் காலத்து எலும்பு, யார் எலும்பு எண்டு கேப்பாங்க. அது எப்ப முடியுமோ. ஆனா உங்களுக்கு வேணும் எண்டா நான் எழுதணும். நீங்க சொல்லுங்க."

ஆவணி இருபது நாளும் இல்லாத தூரத்தில் இருந்தது. பெறாமகளுக்குக் கூறை எடுத்தாகிவிட்டது.

"தடிதானே கிடக்கு" என்றேன்.

அவர் குவியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "தடிதான்."

கத்தியைச் சாரத்து இடுப்பில் செருகிச் சட்டையால் மூடினேன். அவர் கண்டுவிட்டார். ஒரு தடிகூட எடுக்கக் கூடாது என்ற மனிதன்.

"கத்தி காட்டுல முளைக்கிறது இல்லைத்தானே" என்றார். "வாங்க போவம்."

நாலு அடி வைக்கவில்லை. பின்னால் கொப்பு ஒன்று முறிந்தது. பெரிய கொப்பு. முறிந்து, இழுபட்டு வருகிற சத்தம். அவருடைய கை யானைவெடிக்குப் போய் அப்படியே நின்றது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. தேசி மரம் வரும்வரை நிற்கவும் இல்லை.

பாலையடியில் அண்ணி நின்றாள். குடை பிடித்தபடி. எப்போது வந்தாளோ. அதிகாரி தன் குழையை எடுத்து எறிந்துவிட்டு, அவளுக்குத் தலையை ஆட்டிவிட்டு, மோட்டர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் என் குழையை எடுத்தேன். பக்கத்தில் இருந்த அண்ணனின் தடியை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலை மட்டும் போனனீங்களோ, தம்பி?"

"ஓம்."

"தண்ணி கிடக்கோ?"

"கிடக்கு."

"பெரியாக்கள்?"

"நிண்டவை."

அவளுடைய கண் என் இடுப்பில் வந்து நின்றது. சட்டைக்கு மேலால் பிடியின் மேடு தெரிந்திருக்கும். குடையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"கட்டிக்குடுத்த பிள்ளைக்குத் தாய் தேப்பன் துடக்கு மூண்டு நாள்தான்" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. கல்லிடம் சொன்ன மாதிரி. "குமராய் நிண்டால்தான் வருஷம்."

"ஓம், அண்ணி."

"நான் உங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லை. நீங்களும் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை."

"ஓம்."

"கலியாணம் முடியட்டும்."

வீட்டுக்கு வந்து கத்தியைக் கூரைக் கிடுகுக்குள் செருகினேன். என் மனைவி தண்ணீர் கொண்டு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, கண்டனீங்களோ ஏதும்?"

"பசிக்குது."

"உங்கடை வாயைத் திறக்கக் கோடாலி வேணும்" என்று சொல்லிச் சோறு போட்டாள்.

வட்டக்கச்சிக்கு ஆள் அனுப்பினோம். பார்த்தது, காணவில்லை. மாமன் சந்தோசப்பட்டார். கார்ட்டில் திரு என்றே அடித்தார்கள். கலியாணத்தைக் கோயிலில் வைப்போம் என்று அவர் சொன்னபோது மட்டும் நான் வாய் திறந்தேன்.

"மண்டபத்திலை வைப்பம்."

"ஏன், கோயில் நல்லதுதானே?"

"மழை வரும்."

"ஆவணியிலையோ?" என்று அவர் சிரித்தார். "தம்பி வாயே திறக்கிறேல்லை, திறந்தால் மழை வருமெண்டுறார்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. "மண்டபமே நல்லம்" என்றாள். மண்டபமாயிற்று.

அந்த நாட்களில் ஊர்க் கோயிலில் திருவிழா வந்தது. நான் வீதியில் நின்றேன், உள்ளே போகவில்லை. திருநீறு பூசவில்லை. வீட்டில் மீன், இறைச்சி, மச்சம் ஒன்றும் வேண்டாம் என்றேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் வேலையால் வந்து பார்த்தேன், கூரையில் செருகிய கத்தி இன்னும் உள்ளுக்குத் தள்ளியிருந்தது. கையில் படாத அளவுக்கு. அதற்குப் பிறகு அவளும் கோயிலுக்கு உள்ளே போகவில்லை.

தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்க்க வேண்டியவன் நான். நானும் மனைவியும்தான் மணவறையில் நிற்க வேண்டும். துடக்கோடு நிற்கிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அண்ணியோடு மூன்று பேர் என்று விளங்கியது.

கலியாணத்துக்கு முதல் நாள் பெறாமகள் வந்து என் காலில் விழுந்தாள். எழும்பி, "சித்தப்பா, அப்பா வந்தால் எனக்கு உடனை சொல்லுவியள்தானே?" என்று கேட்டாள்.

"சொல்லுவன்."

"சத்தியமாய்?"

"ஓம், பிள்ளை."

மண்டபத்தில் அண்ணி பெரிய பொட்டு வைத்து, பட்டுடுத்தி, பூ வைத்து வந்தாள். முந்தி அவ்வளவு பெரிய பொட்டு அவள் வைத்து நான் காணவில்லை. வட்டக்கச்சிப் பெண்கள் பார்த்தார்கள். அவள் மணவறைக்குக் கிட்ட வந்தாள், வரவேண்டிய அளவுக்கு மட்டும். பெறாமகளின் கையைப் பிடித்துத் தண்ணீர் வார்த்தேன். கெட்டிமேளம் அடித்தது. அத்தனை மேளத்துக்குள்ளும் ஒரு கொப்பு முறிந்து இழுபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மனைவி செம்பைப் பிடித்திருந்தாள். செம்பு ஆடவில்லை.

தாலி ஏறியது. பிள்ளை அழுதாள், பெடியனும் அழுதான். மாமன் என்னைக் கட்டிப்பிடித்து, "மழை வரேல்லை பாத்தியளோ" என்றார்.

கலியாணத்தின் நாலாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் விடிய அண்ணி எங்கள் படலையில் நின்றாள். பழைய சேலை. பொட்டு இருந்தது.

"இப்ப சொல்லுங்கோ, தம்பி."

நான் கூரையிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தேன். சொல்லில் சொல்ல எனக்கு வரவில்லை. அவள் பிடியைத் தடவினாள். கம்பியின் மடிப்பு வந்ததும் விரல் நின்றது.

"எங்கை?"

"மலையடியிலை. தண்ணிக்குக் கிட்ட."

"வெயிலிலையோ?"

"இல்லை. மேலை பாறை. நிழல்."

"அப்பிடியே கிடக்கோ?"

"மூடிக் கிடக்கு. அவையள் மூடினது. குழை போட்டு."

அவள் கொஞ்ச நேரம் கத்தியைப் பார்த்தாள்.

"என்ன குழை?"

நான் அன்று அதை யோசிக்கவில்லை. அவள் கேட்டதும்தான் அந்தப் பச்சை இலை கண்ணில் வந்தது.

"பாலை" என்றேன்.

பாலையடிக்குப் போனோம். நானும் மனைவியும் பின்னால். ஊர் எழும்பவில்லை. அவள் கல்லைக் கும்பிட்டாள். பிறகு அந்தத் தடியைப் பிடித்தாள். இத்தனை வருடத்தில் முதல் தரம். இழுத்தாள். வரவில்லை. மரம் விடவில்லை. காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தாள். நான் உதவிக்குப் போகவில்லை. போகக் கூடாது. அது பெண்சாதியின் கைக்குத்தான்.

முறிந்தது. பாதி அவளுடைய கையில். அடிப்பாதி மரத்துக்குள்.

கையில் இருந்ததைக் காட்டுப் பக்கம் எறிந்தாள். பிறகு குளத்துக்குப் போனாள். மனைவி அவளோடு போனாள். நான் வரம்பில் நின்றேன். தண்ணீரில் மூழ்கி எழும்பியபோது நெற்றி வெறுமையாக இருந்தது.

வட்டக்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். பெறாமகள்தான் எடுத்தாள்.

"பிள்ளை, அப்பா..." என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. பிறகு, "எப்ப சித்தப்பா?" என்றாள்.

"இண்டைக்கு" என்றேன்.

அன்றில் இருந்து துடக்குக் கணக்குப் பார்த்துக் கிரியை செய்தோம். மாமன் வந்து முன்னுக்கு நின்று செய்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புறப்படும்போது மட்டும் என் தோளில் கையை வைத்து, "நல்லகாலம், மண்டபத்திலை வைச்சது" என்றார்.

இந்த வருடமும் சோளகம் வந்தது. மாடு சாய்க்கிற கூப்பாடு வரவில்லை. ஊரில் ஒருவரும் கேட்டதாகச் சொல்லவில்லை. தனியனும் வேலிப்பக்கம் வரவில்லை. மலைப்பக்கம் கொப்பு முறிகிற சத்தம் மட்டும் இடைக்கிடை வரும். அண்ணி முற்றத்தில் நின்றால் கையில் இருக்கிற வேலையை நிறுத்திக் கேட்பாள். சத்தம் முடிந்த பிறகு திரும்பவும் வேலையைப் பார்ப்பாள்.

பாலையில் தடி முறிந்த இடத்தைப் பட்டை மூடிக்கொண்டு வருகிறது. நான் காட்டுக்குப் போகிறது இல்லை. போனால் குழையை அந்த இடத்துக்குப் பக்கத்திலோ, மற்றப் பக்கத்திலோ செருகுவது என்று சில நேரம் பார்ப்பேன்.